கணக்கைக் காட்டுவதும் கையில் கொடுப்பதும்: திறந்த அரசுத் தரவு ஓர் எளிய அறிமுகம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசுத் துறையின் ஆண்டறிக்கையில் எனக்கு வேண்டிய அட்டவணை ஒன்று இருந்தது. பகுதிவாரியாகப் பிறப்பு, இறப்பு எண்ணிக்கை, பத்து ஆண்டுகளுக்கு. அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. ஆனால் அது அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப். எண்ணைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே இருந்தது எண்ணின் படம். மூன்று மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். முடித்துக் கூட்டிப் பார்த்தால், கடைசி வரியில் அவர்கள் போட்டிருந்த மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. தவறு என்னுடையதா, அவர்களுடையதா? மங்கிப்போன 3ஐ நான் 8 என்று படித்துவிட்டேனா? சரிபார்க்க மறுபடியும் மூன்று மாலைகள் போயின.

அந்தக் கணக்கு வெளியாகியிருந்தது. ஆனால் திறந்திருக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் என்ன, அது ஏன் முக்கியம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசு தன் அன்றாட வேலையைச் செய்யும்போதே ஏராளமான விவரங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பிறப்பு பதிவாகிறது, வரி கட்டப்படுகிறது, பிள்ளைகள் பள்ளியில் சேர்கிறார்கள், மழைமானி படிக்கப்படுகிறது, சாலை போட ஒப்பந்தம் கொடுக்கப்படுகிறது. இந்தப் பதிவுகள்தான் அரசுத் தரவு. இவற்றில் ஒரு பகுதியையும், வீடுவீடாகப் போய்க் கேட்டு வாங்கும் விவரங்களையும் சேர்த்து, வகைப்படுத்தி, கூட்டி, ஒரு நாட்டின் நிலையைச் சொல்லும் எண்களாக ஆக்குவது தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் வேலை. மக்கள்தொகை, விலைவாசிக் குறியீடு, வேலையின்மை விகிதம், மொத்த உள்நாட்டு உற்பத்தி எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. தரவு மூலப்பொருள் என்றால் புள்ளிவிவரம் அதிலிருந்து செய்த பண்டம். இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், வேறொன்றோடு சேர்த்துப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்ற நிலையில் அரசு வெளியிட்டால் அதைத் திறந்த அரசுத் தரவு என்கிறோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்பார்கள். உறவுக்காரர்கள்தான், ஆனால் ஒன்றல்ல. அந்தச் சட்டத்தில் நாம் மனு போட வேண்டும், அவர்கள் பதில் தர வேண்டும், பதில் நமக்கு மட்டும் வந்து சேரும். திறந்த தரவில் யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டுவிட வேண்டும். உரிமை முதலில் வந்தது. அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை ஸ்வீடன் 1766லேயே சட்டமாக்கியது. அமெரிக்காவில் அது 1966இல் வந்தது, இந்தியாவில் 2005இல். திறந்த தரவு என்ற பேச்சு வலுத்தது கணினியும் இணையமும் பரவிய பிறகுதான். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே கோப்பைச் செலவில்லாமல் கொடுக்க முடியும் என்று ஆனபின், ஒவ்வொருவரும் மனு போட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

ஸ்வீடனைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1749இல் அந்த நாடு தேவாலயப் பதிவேடுகளை வைத்து நாடு முழுவதற்கும் மக்கள்தொகை அட்டவணை தயாரிக்கத் தொடங்கியது. உலகிலேயே பழைமையான தொடர் கணக்குகளில் ஒன்று அது. ஆனால் எண்கள் வந்ததும் அரசு அவற்றை ரகசியமாக வைத்தது. மக்கள்தொகை அவர்கள் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது, பகை நாடுகளுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று அஞ்சினார்கள். நாட்டின் எண்ணிக்கை ஆட்சியாளரின் சொத்து என்ற அந்த எண்ணம் முழுவதும் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை.

89 பேர் கொண்ட ஒரு பட்டியல்

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு தெருக்குழாயின் தண்ணீரைச் சந்தேகித்த கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இறப்புகளை அவர் வரைபடத்தில் குறித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய ஒரு சின்னக் காரியம். அவர் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார். இங்கிலாந்தில் 1837 முதலே ஒவ்வோர் இறப்பும் காரணத்தோடு பதிவாகிவந்தது. செப்டம்பர் 2இல் முடிந்த வாரத்தில் அந்தப் பகுதிகளில் காலராவால் இறந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார். கிடைத்தது. மொத்தம் 89 பேர். அதில் கடைசி மூன்று நாட்களில் மட்டும் 83 பேர்.

அந்தப் பட்டியலோடு அவர் இடத்துக்கு நடந்து போனார். கிட்டத்தட்ட எல்லா இறப்புகளும் அவர் சந்தேகித்த பிராட் தெருக் குழாய்க்குப் பக்கத்தில் நிகழ்ந்திருந்தன. வேறொரு குழாய்க்கு அருகே இருந்த வீடுகளில் நேர்ந்தவை 10 மட்டுமே, அவற்றில் 5 குடும்பங்கள் வழக்கமாகப் பிராட் தெருத் தண்ணீரைத்தான் வாங்கிவரச் செய்தன என்று விசாரித்ததில் தெரிந்தது. குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இந்தக் கதையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்தவர் ஒருவர், பயன்படுத்தியவர் வேறொருவர். எழுத்தர் பதிவேட்டில் எழுதியபோது குழாயைப் பற்றி அவருக்கு எந்த யோசனையும் இல்லை. அடுத்து, 'இந்த வாரம் காலரா இறப்பு 89' என்ற ஒற்றை எண்ணை மட்டும் ஸ்னோவிடம் கொடுத்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. யார், எந்த வீடு, எந்த நாள் என்ற வரிகள்தான் உதவின. மூன்றாவது, அவருக்கு அனுமதி கிடைத்தது. அன்று அங்கிருந்த அதிகாரி முடியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த ஸ்னோ யார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால்தான் அனுமதியை ஓர் அதிகாரியின் மனநிலைக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

திறந்தது என்று எப்போது சொல்லலாம்?

2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோல் என்ற ஊரில் சுமார் 30 பேர் கூடி இதற்கு எட்டு நெறிகளை எழுதினார்கள். தரவு முழுமையாக இருக்க வேண்டும், மூல வடிவில் இருக்க வேண்டும், காலத்தோடு வர வேண்டும், எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கணினி படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், யாரென்று கேட்காமல் கொடுக்க வேண்டும், ஒரு தனியார் நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமான கோப்பு வடிவில் அடைபட்டிருக்கக் கூடாது, உரிமக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகளுக்குள், 2009 மே மாதம், அமெரிக்க அரசு தன் தரவுத் தளத்தை 47 தரவுத்தொகுப்புகளோடு தொடங்கியது. பிரிட்டன் 2010 ஜனவரியில் தொடங்கியது. அப்புறம் நாடு நாடாகப் பரவியது. 2010 ஏப்ரலில் உலக வங்கியும் அதுவரை சந்தா கட்டியவர்களுக்குக் கொடுத்துவந்த வளர்ச்சிக் குறியீடுகளை எல்லோருக்கும் இலவசமாக்கியது.

எட்டில் தொடக்க வாசகர்களுக்குப் புரியாமல் போவது 'கணினி படிக்கக்கூடியது' என்பது. பிடிஎஃப்பும் கணினியில்தானே திறக்கிறது? திறக்கிறது, ஆனால் அது பக்கத்தின் தோற்றத்தைத்தான் காப்பாற்றுகிறது. எது வரிசை, எது நெடுவரிசை, எது தலைப்பு என்ற அமைப்பு பெரும்பாலும் அதில் தொலைந்துவிடும். சிஎஸ்வி என்ற எளிய வடிவத்தில் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு, மதிப்புகளுக்கு நடுவே காற்புள்ளி, அவ்வளவுதான். எந்த மென்பொருளும் அதைப் படிக்கும், ஐம்பது ஆண்டு கழித்தும் படிக்கும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ தரவுகளுக்கு ஐந்து நட்சத்திர வரிசை ஒன்றைச் சொன்னார். திறந்த உரிமத்தோடு எந்த வடிவில் போட்டாலும் ஒரு நட்சத்திரம் உண்டு. ஸ்கேன் செய்த படம் அங்கேயே நின்றுவிடும். அட்டவணைக் கோப்பாக இருந்தால் இரண்டு, சிஎஸ்வி போன்ற பொது வடிவமாக இருந்தால் மூன்று. மேலே உள்ள இரண்டும் பிற தரவுகளோடு இணைப்பது பற்றியவை. மூன்று நட்சத்திரம் கிடைத்தாலே நான் மகிழ்ந்துவிடுவேன்.

கோப்பு வடிவம் தொழில்நுட்பக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். கொரோனா பரிசோதனை முடிவுகள் ஆய்வகங்களிலிருந்து சிஎஸ்வி கோப்புகளாக ஒழுங்காகவே வந்தன. அவற்றைப் பழைய எக்செல் வடிவத்துக்குள் இழுத்தபோது சிக்கல் வந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மீதி வரிகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. ஒரு வாரத்தில் 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டன, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

உரிமம் இன்னொரு தடை. கோப்பு கண்முன் இருக்கும், கீழே 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று இருக்கும். அப்படியானால் ஒரு செய்தியாளர் அதை வைத்து வரைபடம் போடலாமா, ஒரு மாணவர் அதைத் திருத்தி மறுவெளியீடு செய்யலாமா என்பது தெளிவில்லை. தெளிவில்லாத இடத்தில் நாணயமானவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். அதனால் பல அரசுகள் 'மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எதற்கும் பயன்படுத்தலாம்' என்ற வகையிலான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையோ அதைப் போன்ற தங்கள் சொந்த உரிமத்தையோ தருகின்றன. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்கும் ஆக்கங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது.

விலையும் தடைதான். 1972 முதல் பூமியைப் படம் எடுத்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் நீண்ட காலம் காசுக்கு விற்கப்பட்டன. மிக நன்றாக விற்ற ஆண்டில் போனவை சுமார் 25,000 படங்கள். 2008இல் இலவசம் என்று முடிவாகி, எல்லாம் திறந்துவிடப்பட்ட பிறகு ஒரே ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டின. காடு அழிவதையும் ஏரி சுருங்குவதையும் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து அளக்கும் ஆராய்ச்சிகள் அதன் பிறகுதான் பெருகின. படங்கள் புதியவை அல்ல. பத்திருபது ஆண்டுகளாகக் களஞ்சியத்தில் கிடந்தவையும் அதில் உண்டு.

எண்ணுக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து

கோப்பு கிடைத்துவிட்டது, திறந்துவிட்டோம். சரி, அதில் உள்ள எண் என்ன சொல்கிறது? எண்ணோடு அதன் விளக்கக் குறிப்பும் வராவிட்டால் கிடைத்ததில் பாதிதான் பயன்படும். எப்படி எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், எப்போது, எந்த வரையறையில் என்பதைச் சொல்லும் குறிப்பை மெட்டாடேட்டா என்பார்கள். சலிப்பூட்டும் பக்கங்கள்தான். ஆனால் நான் பார்த்த தவறான வாசிப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தைப் படிக்காததால் வந்தவை.

வேலையின்மை விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாத எல்லோரும் அதில் வருவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலையில்லாதவர் என்று கணக்கில் வர, வேலை இல்லாமல் இருக்க வேண்டும், அண்மையில் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடிச் சலித்து, இனி கிடைக்காது என்று விட்டுவிட்டவர் வேலையில்லாதவர் கணக்கில் இல்லை, உழைப்பாளர் படைக்கு வெளியே போய்விடுகிறார். எனவே வேலையின்மை விகிதம் இறங்குவது நல்ல செய்தியாக இருக்கலாம், பலர் நம்பிக்கை இழந்து தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்ற கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். பக்கத்துக் கட்டத்தில் உள்ள உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தையும் (வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து, வேலை செய்யும் வயதினரில் எத்தனை சதவீதம் என்பது) சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஒற்றை எண்ணாக வந்தால் இந்தப் பரிசோதனையை நாம் செய்யவே முடியாது, முழு அட்டவணை வேண்டும்.

இன்னும் விசித்திரமான எடுத்துக்காட்டு அயர்லாந்து. 2015இல் அந்த நாட்டின் பொருளாதாரம் 26.3 சதவீதம் வளர்ந்ததாக 2016 ஜூலையில் அறிவிப்பு வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் சில தங்கள் காப்புரிமை போன்ற அறிவுச் சொத்துகளை அங்கே மாற்றியதால், சர்வதேச விதிப்படி கணக்குப் போட்டால் அந்த எண்தான் வரும். ஆனால் மக்களின் வருமானம் கால்பங்கு கூடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகம் என்ன செய்தது? எண் எப்படி வந்தது என்று விளக்கியது, பிறகு இந்த விளைவை நீக்கிய தனிக் குறியீடு ஒன்றையும் உருவாக்கி வெளியிட்டது. நைஜீரியாவில் 2014 ஏப்ரலில் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளையும் துறைகளின் பங்கையும் எந்த ஆண்டை வைத்து அளக்கிறார்களோ அதை, 1990இலிருந்து 2010க்கு மாற்றினார்கள். செல்பேசித் துறையும் திரைப்படத் துறையும் சரியாக உள்ளே வந்தன. ஒரே நாளில் நாட்டின் பொருளாதாரம் காகிதத்தில் 89 சதவீதம் பெரிதானது. அடிப்படை ஆண்டு மாறியதை அறியாமல் முன்பின் எண்களை ஒரே கோட்டில் வைத்து வரைந்தவர் என்ன முடிவுக்கு வருவார் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் திருத்தங்கள். முதலில் வரும் எண் பெரும்பாலும் முன்மதிப்பீடு, விவரங்கள் வரவர அது திருத்தப்படும். அமெரிக்காவின் மாதாந்தர வேலைவாய்ப்பு எண்ணிக்கை அடுத்த இரண்டு மாதங்களிலும் திருத்தப்படுவது பல காலமாக உள்ள நடைமுறை. 2025 ஆகஸ்ட்டில் முந்தைய இரண்டு மாதங்களின் எண்ணிக்கை மொத்தம் 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டது. அதே நாளில், இந்த எண்ணிக்கையை வெளியிடும் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் ஆணையரை அதிபர் பதவியிலிருந்து நீக்கினார், எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்று ஆதாரம் காட்டாமல் சொன்னார். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: திருத்தத்தை வெளிப்படையாகச் செய்யும் அலுவலகத்தைத்தான் நம்பலாம். பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்கள் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை. ஒருபோதும் திருத்தாத எண்ணைக் கண்டால்தான் எனக்குக் கவலை வரும்.

யார் கையும் படாமல்

அர்ஜென்டினாவில் 2007இல் அரசு புள்ளிவிவர நிறுவனத்துக்குள் கைவைத்தது. விலைக் குறியீட்டைத் தயாரித்தவர்கள் மாற்றப்பட்டார்கள். அதன்பின் அதிகாரபூர்வப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது, வெளியே கணித்தவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். 2011இல் அப்படிச் சொந்தக் கணிப்பு வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதனால் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தக் கணிப்புகளின் சராசரியைத் தங்கள் பெயரில் வெளியிடத் தொடங்கினார்கள். ஆல்பர்ட்டோ கவாலோ என்ற பொருளியலாளர் பெரிய அங்காடிகளின் இணையப் பக்கங்களில் இருந்த விலைகளைத் தினமும் கணினியால் திரட்டி ஒரு தனிக் குறியீடு செய்தார். 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம், தவறான தரவுக்காக ஓர் உறுப்பு நாட்டைத் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கண்டித்தது. கண்டனம் நீங்கியது 2016 நவம்பரில்தான்.

ஒன்பது ஆண்டுகள். அந்தக் காலத்தில் சம்பளப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்களும், பணவீக்கத்தோடு இணைத்த கடன்பத்திரத்தில் சேமிப்பைப் போட்டவர்களும் எதை நம்பியிருப்பார்கள்? புள்ளிவிவரம் கெட்டால் வலி கணக்குப் புத்தகத்தில் நிற்பதில்லை, சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் வந்து சேர்கிறது.

இப்படி நடக்காமலிருக்கப் பல நாடுகளில் சில வழக்கங்கள் உண்டு. ஓர் ஆண்டுக்கான வெளியீட்டு நாட்காட்டியை முன்கூட்டியே அறிவிப்பது மிக எளிது, ஆனால் வலிமையானது. 'மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை' என்று அறிவித்துவிட்டால், எண் கசப்பாக வந்தது என்பதற்காகத் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போட முடியாது. மெக்சிகோவின் 1994-95 நெருக்கடிக்குப் பின், தகவல் காலத்தோடு வெளிவராததும் பிரச்சினையைப் பெரிதாக்கியது என்று உணர்ந்த சர்வதேச நாணய நிதியம் 1996இல் உருவாக்கிய தரவு வெளியீட்டுத் தரத்தில் இந்த நாட்காட்டியும் ஒரு நிபந்தனை. இன்னொன்று, அமைச்சர்களுக்கும் நமக்கும் ஒரே நிமிடத்தில் எண் கிடைப்பது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் தன் வெளியீடுகளை அமைச்சர்களுக்கு முன்கூட்டிக் காட்டும் பழக்கத்தை 2017 ஜூலையில் நிறுத்திவிட்டது.

ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிவர ஆணையம் 1994இல் பத்து அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது, 2014 ஜனவரியில் பொதுச்சபையும் அவற்றை ஏற்றது. முதல் கோட்பாடு, அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தைப் பாரபட்சமில்லாமல் கிடைக்கச் செய்வது குடிமக்களின் தகவல் உரிமையை மதிப்பது என்கிறது. நான்காவது, யாராவது எண்ணைத் திரித்துப் பயன்படுத்தினால் புள்ளிவிவர அலுவலகம் அதைப் பகிரங்கமாகச் சொல்லலாம் என்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த கோட்பாடு.

வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடிவதன் மதிப்புக்கு இன்னொரு சான்று. 2010இல் இரண்டு புகழ்பெற்ற பொருளியலாளர்கள், அரசுக் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் ஆகிவிடும் என்று எழுதினார்கள். பல நாடுகளில் செலவுக்குறைப்பை ஆதரித்தவர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமிருந்தே எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்ற முறையிலும் கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தால் வந்தது 2.2 சதவீத வளர்ச்சி. மூன்று ஆண்டுகள் பலர் படித்த கட்டுரை, தவறு கண்ணில் பட்டது கோப்பு கைக்கு வந்த பிறகு.

எதைத் திறக்கக் கூடாது

இதுவரை சொன்னதை வைத்து எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கணக்கெடுப்புக்கு வருபவரிடம் ஒருவர் தன் வயது, வருமானம், நோய், மதம் எல்லாம் சொல்கிறார். இது என்னைத் திருப்பித் தாக்காது என்ற நம்பிக்கையில் சொல்கிறார். அந்த நம்பிக்கை உடைந்த வரலாறு உண்டு. 1942இல் அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க, எந்தப் பகுதியில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கணக்கெடுப்பு அட்டவணைகள் உதவின. தனிநபரின் பெயர் இல்லாத வெறும் எண்ணிக்கையும் ஆபத்தாக முடியும் என்பதற்கு அது சான்று.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு 1990களில் ஒரு பாடம் கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சிக்குத் தரப்பட்டன. அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, காசு கொடுத்து வாங்கிய வாக்காளர் பட்டியலை அதோடு ஒப்பிட்டார். மாநில ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் அவர் வாழ்ந்த ஊரில் ஆறு பேர், அதில் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு அடையாளம் தெரிந்துவிட்டது. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேர் தனியாகத் தெரிந்துவிடுவார்கள் என்று அவர் பின்னர் கணக்கிட்டார்.

அதனால் புள்ளிவிவர அலுவலகங்கள் பல உத்திகளைக் கையாள்கின்றன. மிகக் குறைவான பேர் உள்ள கட்டத்தை வெற்றாக விடுவார்கள், வயதை ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்ப்பார்கள், ஊரின் பெயரை மாவட்டமாக்குவார்கள். அமெரிக்க 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிறு பகுதிகளின் எண்களில் கணக்கிட்ட அளவு சிறு பிசகைக் கலந்தார்கள். பெரிய மொத்தங்கள் பாதிக்கப்படாது, ஒரு தெருவின் எண்ணை மட்டும் அப்படியே நம்ப முடியாது. தனிநபர் வரிகளாக உள்ள நுண்தரவை, பதிவு செய்து நிபந்தனைக்கு உட்பட்ட ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் தருவதும் உண்டு. காலமும் ஒரு பூட்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பின் தனிநபர் படிவங்கள் 72 ஆண்டுகள் மூடியிருக்கும், 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன.

நான் வைத்துக்கொள்ளும் எளிய கோடு இதுதான்: அரசு என்ன செய்தது என்பது திறந்திருக்க வேண்டும், ஒரு மனிதர் யார் என்பது மூடியிருக்க வேண்டும். ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பெயர் முதல் வகை, மருந்து வாங்கியவரின் பெயர் இரண்டாம் வகை. 'அந்தரங்கம்' என்று சொல்லி முதல் வகையை மறைப்பதும் நடக்கிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

தொடங்குவதற்கு

உங்கள் மனதில் உள்ள ஒரு கேள்வியோடு தொடங்குங்கள், தளத்தோடு தொடங்காதீர்கள். லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள தளத்துக்குள் கேள்வி இல்லாமல் போனால் அரைமணி நேரத்தில் சோர்வுதான் மிஞ்சும். நாட்டின் புள்ளிவிவர அலுவலகம், அரசின் பொதுத் தரவுத் தளம், ஒப்பிட்டுப் பார்க்க உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் தரவுப் பக்கங்கள், இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இறக்கியதும் கோப்பின் தேதியைப் பாருங்கள். தொடக்க விழாவோடு நின்றுபோன தளங்கள் உலகெங்கும் உண்டு, 'புதிய தரவு' என்று தலைப்பிருக்கும், உள்ளே ஐந்து ஆண்டு பழைய எண்கள் இருக்கும்.

அடுத்து அலகு. ஆயிரத்திலா, லட்சத்திலா, மில்லியனிலா? பல ஐரோப்பிய நாட்டுக் கோப்புகளில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். அங்கே 1.234 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. இதைக் கவனிக்காமல் நான் ஒரு முழு வரைபடத்தையே தவறாகப் போட்டிருக்கிறேன். பெயர்கள் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரிந்தால் கோப்பை யூடிஎஃப்-8 என்ற குறிமுறையில் திறந்து பாருங்கள். வெற்றுக் கட்டமும் சுழியமும் ஒன்றல்ல, முன்னது தெரியாது என்பது, பின்னது இல்லை என்பது. கடைசியாக, நீங்களே கூட்டி, அவர்கள் போட்ட மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒத்துவரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான வெளியீடுகளின் அடியில் தொடர்பு முகவரி இருக்கும், அதற்குக் கடிதம் எழுதுபவர்கள் மிகக் குறைவு. எந்த அட்டவணை, எந்த வரி, நீங்கள் எதிர்பார்த்தது என்ன, அங்கே இருப்பது என்ன என்று நான்கு வரியில் எழுதினால் போதும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், அந்த முனையில் இருப்பவருக்கும் கணக்கு சரியாக வர வேண்டும் என்ற ஆசை இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன அட்டவணைக்காக நானும் அப்படித்தான் எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மொத்தம் சரிதான், நடுவில் இரண்டு வரிகள் அச்சில் விடுபட்டுவிட்டன என்று விளக்கியிருந்தார்கள். கூடவே பத்து ஆண்டுகளுக்குமான எக்செல் கோப்பையும் இணைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன், எல்லா வரிகளும் ஒழுங்காக இருந்தன. அந்தக் கோப்பு உருவான தேதி, அறிக்கை அச்சாவதற்கு நான்கு மாதங்களுக்கு முந்தையது.